தவக்காலத்தில் வாங்கிய ஆம்ப்

தனக்கு எதிராகச் சொல்லப்பட்ட மன்றாட்டுக்கு அனிதா மேரி தானே வாய் திறந்து பதில் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அன்பியக் கூட்டம் ஆல்பர்ட் வீட்டு முற்றத்தில் நடந்தது. தெருவிலுள்ள பன்னிரண்டு குடும்பங்களும் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற கூட்டம் அது. செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு. ஒருவர் தன் வேண்டுதலைச் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். ஏலக்காய் விலைக்காக ஒருவர் வேண்டினார். ஆபரேஷனுக்குப் போகும் மாமனாருக்காக இன்னொருவர் வேண்டினார். அனிதா தன் ஒன்பது மாதக் குழந்தை பெனிஷாவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வாய்க்குள் போன செபமாலை மணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மதலேனாள் எழுந்து நின்றதை அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

"இந்தத் தவக்காலத்துல, உம்ம பாடுகள நெனச்சு அழுக வேண்டிய நேரத்துல, வீட்டுக் கதவச் சாத்திக்கிட்டு கித்தார் வாசிச்சுக் கூத்தடிக்கிறவுகளுக்கு நல்ல புத்தியத் தரணுமின்னு..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரோடும் சேர்ந்து அனிதாவும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் முற்றத்திலிருந்த தலைகள் அத்தனையும் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டாள். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

தெருவில் கித்தார் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான்.

மதுரையில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்த மூன்று வருடமும் விடுதிக் கோயிலில் கித்தார் வாசித்தவள் அனிதா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபின் ஆறு வருடமாக அவள் விரல்கள் சும்மா கிடந்தன. போன கிறிஸ்துமஸுக்கு, இத்தாலியில் மடத்திலிருக்கும் இவ்வூர்ச் சகோதரி ஒருவர் வந்தபோது, பாடகர் குழுவுக்கென்று ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கித்தாரைக் கொடுத்துவிட்டுப் போனார். வாசிக்க ஆளில்லாமல் கோயில் சாமான் அறையில் கிடந்ததை, "நான் வாசிக்கிறேன் ஃபாதர்" என்று அனிதாதான் கேட்டு வாங்கினாள்.

பெரிய வியாழனன்று அடங்கும் கோயில் மணி, உயிர்ப்பு விழாவின் பாஸ்கா இரவில் வானவர் கீதம் தொடங்கும்போதுதான் மறுபடி ஒலிக்கும். நடுவில் இரண்டு நாளும் மரக்கட்டையைத் தட்டியே ஊர் ஓட்டும். அந்தக் கீதத்தை இந்த வருடம் கித்தார் தனியாகத் தொடங்கட்டும், மணிகள் அதற்குப் பிறகு சேரட்டும் என்று பங்குத்தந்தை ஆசைப்பட்டார். பாடகர் குழுத் தலைவர் ஆல்பர்ட்டுக்கு அதில் இஷ்டமில்லை.

"தவக்காலம் அஞ்சாம் ஞாயிறு மத்தியானம் முழுசா வாசிச்சுக் காட்டணும் தங்கச்சி" என்று சொல்லியிருந்தார். "ஒரு எடம் தட்டுனாலும் நான் கீபோர்டுல பதிஞ்சு வச்சதப் போட்டுருவேன். பெறகு ஃபாதர்கிட்டப் போயிக் கண்ணக் கசக்கக் கூடாது."

"தட்டாதுண்ணே."

"அதச் சொல்ல வேணாம். வாசிச்சுக் காட்டு."

எலெக்ட்ரிக் கித்தார், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி இல்லாமல் முனகத்தான் செய்யும். அவள் கணவன் ஆரோக்கியசெல்வம் மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடை போடும் வேலை பார்ப்பவன். சனிக்கிழமை வந்து திங்கள் காலை போவான். அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கம்பத்தில் கலைந்துபோன இன்னிசைக் குழு ஒன்றிடமிருந்து ஒரு பழைய ஆம்பை வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினான். அது மேடையிலிருந்து ஐந்நூறு பேருக்குக் கேட்க வேண்டிய பெட்டி. சத்தத் திருகைப் பூஜ்யத்தில் வைத்தால் ஊமை, ஒரு மயிரிழை நகர்த்தினால் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும்.

அனிதாவுக்குக் கிடைக்கிற நேரமோ மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரைதான். அப்போதுதான் பெனிஷா நடு அறையில் சேலைத் தொட்டிலில் தூங்குவாள். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று அனிதா பெட்டியின் முகத்தில் இரண்டு தலையணையைக் கட்டி, அதை முன்னறைச் சுவரோடு ஒட்டி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மதலேனாள் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

இப்போது, கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, அந்த வீட்டைத் தவிர வேறெதையும் அவளால் யோசிக்க முடியவில்லை. தெருக்குழாயில் மதலேனாள் பெருமையாகச் சொல்லும் பேச்சுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பகலில் தலையைச் சாய்க்கிறவள் பொம்பளையா என்பாள். என் வீட்டில் டி.வி. கிடையாது என்பாள். இவர்களுக்கெல்லாம் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அடுத்த வீட்டில்தான்.

சனிக்கிழமை ஜீப்பில் சின்னமனூர் இறங்கி, பஸ் பிடித்து ஆரோக்கியசெல்வம் வந்து சேர்ந்தபோது, அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

"நான் வேணா மதலேனாச் சித்திகிட்டப் போயிப் பேசட்டுமா?" என்றான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"என்னன்னு பேசுவீக? எனக்கு நல்ல புத்தி வரணுமின்னு நானே மன்றாடியிருக்கேன். எம் வாயாலயே. புரியுதா உங்களுக்கு?"

அவனுக்குப் புரிந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை, சிரித்துவிட்டான்.

அரை மணி நேரம் அடுப்படிப் பாத்திரங்கள் மறுபடியும் சத்தம் போட்டன. குழந்தையும் ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அனிதா முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க. தேனிக்குப் போறோம். சின்னதா ஒரு ஆம்ப் வாங்கணும். இந்தத் தடவ நான் பாத்து எடுக்கிறேன்."

"அப்ப இந்தப் பெட்டி?"

"அதுல ஏறி நின்னு ஒட்டட அடிங்க."

கடை தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில், மெயின் ரோட்டிலேயே இருந்தது. வாசலில் தவில், உள்ளே கீபோர்டு, சுவர் நிறையக் கித்தார். கடையில் நின்ற இளைஞனின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் இனியன் என்று இருந்தது. தோளில் தூங்கும் குழந்தையோடு நின்ற ஆரோக்கியசெல்வத்தைப் பார்த்துத்தான் அவன் பேசினான்.

"சொல்லுங்க சார். ஸ்டேஜுக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு" என்றாள் அனிதா.

"சார் எத்தன வருஷமா வாசிக்கிறீங்க?"

"நான் ஏலக்கா எடை போடுறவன் தம்பி. வாசிக்கிறது இவ."

இனியன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு மறுபடியும் அவனிடமே திரும்பினான். "மேடத்துக்குன்னா கீபோர்டு பாக்கலாமே சார். தாளமெல்லாம் உள்ளயே இருக்கும். ஒரு பட்டனத் தட்டுனாப் போதும்."

ஊரில் விட்டுவிட்டு வந்த ஆல்பர்ட் தனக்கு முன்பே பஸ் ஏறி இங்கே வந்து நிற்பதாக அனிதாவுக்குத் தோன்றியது. "ஆம்ப்" என்றாள். "சின்னது."

அவன் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்து, ஒரு கித்தாரைச் செருகி, திருகை முக்கால்வாசி திருப்பி, விரல்கள் பறக்க ஒரு வாசிப்பு வாசித்தான். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்து, மூச்சு முட்ட அழுதது.

"இருபது வாட்டு சார். மண்டபத்துக்கே போதும்."

"நாங்க மண்டபத்துல குடியிருக்கல தம்பி!" அனிதாவின் குரலும் ஏறக்குறைய இருபது வாட்டில் இருந்தது. "எல்லாரும் எவ்வளவு சத்தமா கேக்குமின்னே காட்டுறீக. எவ்வளவு சன்னமா கேக்குமின்னு ஒருத்தரும் காட்ட மாட்டேங்கிறீக. கித்தார எங்கிட்டக் குடுங்க."

அவன் கொடுத்துவிட்டான். அனிதா ஸ்டூலில் உட்கார்ந்து, திருகை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டினாள். தணித்து வைத்தால் அந்தப் பெட்டியில் மேல் கம்பிகள் மட்டும் ஈ மாதிரி இரைந்தன. கீழ்க்கம்பிகள் காணாமலே போயின. கொஞ்சம் ஏற்றினால் திடீரென்று பாய்ந்தது. வீட்டில் கிடக்கும் பெட்டியின் தம்பி.

"இது வேணாம்."

இரண்டாவது பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. பேட்டரியில் ஓடும், இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம் என்றான். சத்தம் போர்வைக்குள் வைத்த ரேடியோ மாதிரி வந்தது. இரண்டு கம்பியைச் சேர்த்துத் தட்டினால் எது எதுவென்று தெரியவில்லை. தப்பாக வாசித்தாலும் தெரியாது. தப்புத் தெரியாமல் பழகிக்கொண்டு போய் ஆல்பர்ட் முன்னால் நிற்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மூன்றாவது, மூலையில் பார்வைக்கு வைத்திருந்த பெட்டி. ஓரம் கொஞ்சம் சிராய்ந்திருந்தது. இரண்டு கையால் சுலபமாகத் தூக்கலாம். அதில் சத்தத்துக்கு இரண்டு திருகு. ஒன்று கித்தாரின் குரலுக்கு, இன்னொன்று மொத்தத்துக்கு. முதலாவதைத் தேவையான அளவு வைத்துக்கொண்டு, மொத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தணிக்கலாம்.

"ஃபேன நிறுத்துங்க தம்பி."

நிறுத்தினான். அனிதா மொத்தத் திருகைத் தணித்துத் தணித்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில் வைத்துத் தட்டினாள். ஆறு கம்பியும் ஆறாகக் கேட்டன.

"இப்ப நீங்க ஏதாவது பேசுங்க. நான் வாசிக்கும்போது நீங்க பேசுறது எனக்குக் கேக்கணும்."

அதுவரை நிறுத்தாமல் பேசியவனுக்கு இப்போது பேச ஒன்றும் அகப்படவில்லை. "என்ன மேடம் பேசணும்?" என்று விழித்தான்.

"நீங்க வேணாம். என்னங்க, நீங்க வெளிய போயி வாசப்படியில நின்னு பெனிஷா சிணுங்குற மாதிரி சிணுங்குங்க."

"நானா? ரோட்டுலயா?"

"மைக்கா வச்சுத் தரணும்? போங்க."

மேகமலை எஸ்டேட்டில் முப்பது பேருக்கு எடை போடும் ஆரோக்கியசெல்வம், தேனி மெயின் ரோட்டைப் பார்த்து நின்று, "ங்ஙே... ங்ஙே..." என்றான். தோளிலிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் வாயை ஆச்சரியத்தோடு பார்த்தது. பூக்காரி ஒருத்தி நின்று, "புள்ளைக்கு இல்ல, இவுகளுக்குத்தான் பசி போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கித்தாரும் கேட்டது, சிணுங்கலும் கேட்டது.

"இதுதான்" என்றாள் அனிதா.

"மேடம், ஹெட்போன் போட்டுக்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே. இதுல அதுக்கு ஓட்டை இருக்கு. ஹெட்போன நான் சும்மாவே தாரேன்."

"புள்ள அழுதா எனக்குக் கேக்கணுமில்ல. அதுக்குத்தானே இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுறேன். அதெல்லாம் வேணாம்."

சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல ஆரோக்கியசெல்வத்துக்கு மனம் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கோபம் தணியவில்லை. வீரபாண்டி தாண்டிய பிறகுதான், பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றில், கை பிடிக்கும் இடத்தில் மட்டும் அட்டையை மடித்துச் சுற்றி ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். கயிறு கையை அறுக்காமலிருக்க அந்தப் பையன் செய்தது. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்று அவளுக்கு ஒரு நிமிடம் உறுத்தியது. அந்த நிமிடம் முடிந்ததும் மதலேனாளின் மன்றாட்டு மறுபடி காதில் ஒலித்தது.

திங்கள் மத்தியானம் குழந்தை தூங்கியதும், சின்னப் பெட்டியை, பெரியது இருந்த அதே இடத்தில், அதே போலச் சுவரைப் பார்த்து வைத்தாள். பழகிப்போன இடம். மொத்தத் திருகைத் தணித்து, வானவர் கீதத்தின் முதல் இரண்டு வரியை நான்கு தடவை வாசித்தாள். மூன்றாவது வரியில் விரலைத் தாவிப் பிடிக்க வேண்டிய ஓரிடம் இருந்தது. அங்கே ஒவ்வொரு தடவையும் தடுக்கியது. தடுக்குவது தெளிவாகவே கேட்டது. நல்ல பெட்டிதான்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வரியில், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தொம் தொம் என்று இரண்டு அடி விழுந்தது.

அனிதா விரலை எடுத்துவிட்டாள். பேச்சுக் குரலைவிடக் குறைந்த சத்தம் இது. புதன்கிழமை இன்னும் குறைத்தாள். மறுபடியும் தொம் தொம்.

அவள் எழுந்து நின்றாள். நேரே போய்க் கதவைத் தட்டி, "என்ன அத்த, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கோபத்தில் இருக்கும்போது பத்தடி தூரத்தில் இருக்கும் கதவு நமக்கு மேகமலைக்கு அப்பால் போய்விடுகிறது. அவள் போகவில்லை. சுவரைப் பார்த்து, "நான் மூச்சு விடுறதுகூட இவுகளுக்குக் கேக்கும்!" என்று கத்தினாள். தன் வீட்டில் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு மன்றாட்டையும் மனதுக்குள் எழுதி வைத்தாள். 'அடுத்தவர் வீட்டுச் சுவரில் காதை ஒட்டி வைத்து வாழ்கிறவர்களுக்காக' என்று அது தொடங்கியது. பிறகு பையைத் துழாவி ஹெட்போனை எடுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அதை ஆம்பில் செருகிக் காதில் மாட்டினாள். இனி ஒரு நூல் சத்தம் அந்தப் பக்கம் போகாது. போகிறதா பார்க்கட்டும். சத்தத்தை ஏற்றினாள். கோயிலுக்குள் நின்று வாசிப்பது போல் இருந்தது. கோபத்தோடு வாசித்தாள். முதல் தடவை தடுக்கியது. இரண்டாவது தடவையும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, மூன்றாவது வரி தடுக்காமல் கடந்து போனது. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தாள்.

நடு அறை வாசலில் மதலேனாள் நின்றிருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. இடுப்பில் பெனிஷா, முகமெல்லாம் சிவந்து, தேம்பித் தேம்பி அவள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதலேனாளின் வாய் அசைந்தது. அனிதாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"...எம்புட்டு நேரமாக் கத்துது! நீ வீட்டுலயே இல்லையின்னுல்ல நெனச்சேன். முன்கதவு தாப்பாப் போட்டிருக்கு. கொல்லப்பக்கமா ஓடியாந்து பாத்தா, தொட்டில் சேலையில ஒரு காலு முறுக்கிக்கிட்டு, தல வெளிய தொங்குது புள்ளைக்கு. காதுல என்னத்தடி மாட்டியிருக்க, பாவி மகளே?"

"உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் மாட்டுனேன்!" அனிதாவும் கத்தினாள். அழுகையும் சேர்ந்து வந்தது. "உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு! திருப்தியா இப்ப?"

குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கணுக்காலில் சேலை இறுக்கிய சிவப்புத் தடம். வேறு காயமில்லை. புள்ளை அழுதால் கேட்க வேண்டும் என்று தேனிக் கடையில் அத்தனை அழுத்தமாகச் சொன்னவள் அவள்தான். தன் மேல் வந்த கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும்விடப் பெரிதாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றவள், கடைசியில் நிமிர்ந்து மதலேனாளைப் பார்த்தாள்.

மதலேனாளின் வலது கன்னத்தில் கோரைப்பாயின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. கண்கள் சிவந்திருந்தன.

"அத்த, தூங்கிட்டா இருந்தீக?"

"யாரு, நானா? பகல்லயா? நான் ஏன் தூங்குறேன்?"

"கன்னத்துல பாய் இருக்கு அத்த."

மதலேனாளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. தடவிப் பார்த்தாள். பிறகு, நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விடியுமுன் தெருவில் ஒரு வேன் வந்து ஹாரன் அடிப்பது அனிதாவுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குத் தினமும் புரண்டு படுத்திருக்கிறாள். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன். வெயில் ஏறினால் பழம் வாடிவிடும் என்பதால் இந்த வெட்டு முழுவதும் இருட்டோடு போய் மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அதில் மதலேனாள் போகிறாள் என்பதும் தெரியும். அப்படிப் போகிறவர் எப்போது தூங்குவார் என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"மூணு மணிக்கு எந்திரிக்கிறேன்" என்றாள் மதலேனாள், அவளைப் பார்க்காமல். "கைய மேல தூக்கியே வெட்டணும் பந்தல்ல. வந்து ஒரு வாய் தின்னுட்டு ரெண்டு மணிக்குப் படுத்தாத்தான் மறுநா தோளு தூக்குது. இந்தச் செவுத்தோரந்தான் எனக்குக் குளுமை. நீ என்னடான்னா அந்தப் பொட்டியக் கொண்டாந்து எந் தலமாட்டுலயே முட்டுக் குடுத்து வச்சிருக்க. சத்தமாக்கூட வர்றதில்ல. மண்டைக்குள்ள யாரோ மாவு இடிக்கிற மாதிரி வருது."

அனிதா குழந்தையோடு எதிரே உட்கார்ந்து சுவரையும் பெட்டியையும் பார்த்தாள். ஸ்பீக்கரின் முகம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னா என்ன அத்த?"

"சொல்லி? தெரு பூராத் தெரியவா? மேலத்தெருக்காரி ஒருத்தி முடியலன்னு தோட்டத்துல உக்காந்தா. மறுநாளே வேன்காரன் அவ வீட்டு முன்னாடி நிப்பாட்டல. எனக்கு அம்பத்தெட்டு ஆகுது. அவன்கிட்ட அம்பதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பகல்ல படுக்கிறேன்னு தெரிஞ்சா விடுவானா?"

"அதுக்கு? கூட்டத்துல எந்திரிச்சு நின்னு ஆண்டவர்கிட்டக் கோள் மூட்டுவீகளா? எல்லாரும் சிரிச்சாக அத்த. நானே என்னைய எதிர்த்து மன்றாடினேன். ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல."

"தவக்காலமின்னு சொன்னா நிப்பாட்டிருவன்னு நெனச்சேன். வாயில வந்துருச்சு." மதலேனாள் எட்டிக் குழந்தையின் காலைப் பிடித்து, சிவந்த இடத்தை மெதுவாக நீவினாள். "தப்புத்தான்" என்று குழந்தையிடம் சொன்னாள்.

அனிதாவின் கோபம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிடவில்லை. அவ்வளவு கோபம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்து, ஒன்றை 'டக்'கென்று மதலேனாள் முன்னால் வைத்தாள். பிறகு ஆம்பைத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் ஒரு நாற்காலியில், மடித்த போர்வையின் மேல் வைத்து, முகத்தை அறையின் நடுப்பக்கம் திருப்பினாள்.

"நாலு மணி வரைக்கும் தொட மாட்டேன். போயிப் படுங்க."

"நாலு மணிக்குப் புள்ள முழிச்சிருமே. எப்படி வாசிப்ப?"

அனிதா ஆம்பின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள்.

மறுநாள் நான்கு மணிக்குச் சுவரில் தொம் தொம் என்று கேட்டது. அனிதாவுக்குப் பழைய கோபம் குப்பென்று ஏறியது. கொல்லைப்பக்கக் கதவு திறந்து, முகம் கழுவிய மதலேனாள் உள்ளே வந்து, பெனிஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "முழிச்சிட்டேன்னு தட்டுனேன். வாசி. ஒரு மணி நேரந்தான். எனக்கும் அடுப்பு வேல இருக்கு."

அப்படியே தினமும் நடந்தது. எல்லாம் இனிமையாகப் போனதென்று சொல்ல முடியாது. நான்காம் நாள் மதலேனாள் கேட்டாள்: "இத்தன நாளாக் கேக்குறேன், அந்த மூணாவது வரியில ஏன் ஒனக்கு எப்பப் பாத்தாலும் தடுக்குது?"

"வெரல் தாவணும் அத்த. கஷ்டமான எடம்."

"கஷ்டமில்ல. நீ அந்த எடம் வருதுன்னு முன்னாடியே பயந்து ஓடுற. ஒரு மாசமா எந் தலையில இடிச்ச பாட்டு. எனக்குத் தெரியாதா? அங்கன மட்டும் வேகமாப் போற."

அனிதா முகத்தைச் சுளித்தாள். வாசித்துப் பார்த்தாள். வேகமாகத்தான் போயிருந்தாள்.

ஐந்தாம் ஞாயிறு மத்தியானம் கோயில் வளாகத்துச் சிறு அறையில் ஆல்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீபோர்டை மூடாமலே வைத்திருந்தார். அனிதா சின்ன ஆம்பை மேசை மேல் வைத்துச் செருகினாள். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வந்தபோது, 'அங்கன மட்டும் வேகமாப் போற' என்ற எரிச்சலான குரல் உள்ளே கேட்டது. நிதானித்தாள். விரல் தாவி, கம்பியில் சரியாக உட்கார்ந்தது. கடைசி வரை தடுக்கவில்லை.

ஆல்பர்ட் கட்டியிருந்த கையைப் பிரித்தார். எழுந்து கீபோர்டைத் துணி போட்டு மூடினார்.

"சத்தம் பத்தாது தங்கச்சி. கோயிலுக்கு இது காணாது."

"வீட்டுல ஒரு பெரிய பெட்டி கெடக்குண்ணே. ஒட்டட அடிக்கத்தான் பயன்படுது. ஆள் விட்டுத் தூக்கிட்டுப் போங்க."

அந்த வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் அனிதா வீட்டு முறை. ஆம்பை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். செபமாலை முடிந்து மன்றாட்டு தொடங்கியது. மதலேனாள் எழுந்தபோது இரண்டு மூன்று பேர் ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் திராட்சைக்கு மழை வந்து கெடுக்கக் கூடாதென்று மட்டும் வேண்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அனிதா எழுந்தாள். சுவரில் காதை ஒட்டி வைத்து வாழ்கிறவர்களைப் பற்றிய அந்த மன்றாட்டு இன்னும் வரி பிசகாமல் நினைவில் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"விடியுமுன்ன எந்திரிச்சு வேலைக்குப் போற எல்லாருக்கும் ஒடம்புல பெலத்தையும், நல்ல தூக்கத்தையும் தரணுமின்னு..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, ஒரு குரல் மட்டும் கொஞ்சம் பிந்திச் சொல்லி முடித்தது.

கலைந்து போகும்போது மதலேனாள் அனிதாவின் முழங்கையைப் பிடித்து வாசல் ஓரமாக இழுத்தாள்.

"என்னையச் சொன்னியாடி?"

"இல்ல அத்த. பால்காரரச் சொன்னேன்."

மதலேனாள் அவளை உற்றுப் பார்த்தாள். "ம்ம். அப்பச் சரி" என்றாள். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். "நாளைக்கு நாலு மணிக்குத் தட்டுவேன். அந்தத் திருக இன்னும் கொஞ்சம் ஏத்தி வையி. ஒண்ணும் சரியாக் கேக்க மாட்டேங்குது."